நினைவே இல்லாத கல்லை நினைவுச்சின்னம் என்று அழைக்கலாமா?

கேள்வி
எழுதியவர்: தாண்டிக்குடிக் காப்பி

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடியை அடுத்து எங்களுக்கு ஒரு சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல் எல்லையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் விழும் ஓர் இடைவெளியில், மூன்று பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி நான்காவது கல்லை மேலே மூடியாகப் போட்ட ஓர் அமைப்பு நிற்கிறது. உள்ளே இரண்டு ஆடுகள் படுக்கலாம். ஆள் நிமிர முடியாது. என் அப்பத்தா அதைக் 'குள்ளர் வீடு' என்றே சொல்லி வந்தார். மாசி மாதத்தில் மிளகு பறித்த பின் சாக்கை விரித்து அந்த மூடிக்கல்லின் மேல்தான் காயப்போடுவோம். பல ஆண்டுகளாகச் சாக்கை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துக் கல்லின் ஒரு மூலை வழவழப்பாகிவிட்டது. மற்ற மூன்று மூலைகளிலும் பாசி அப்படியே இருக்கிறது.

இவ்வூரைச் சுற்றியுள்ள இத்தகைய கற்களுக்கு ஒரு விளக்கப் பலகை வைக்கலாம் என்று ஊரில் சிலர் முடிவு செய்து, ஆங்கில வாசகத்தை ஒருவரிடம் எழுதி வாங்கிவிட்டு, தமிழ் வாசகத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆங்கில வாசகத்தில் 'மானுமெண்ட்' என்ற சொல்லும் அதன் திரிபும் நான்கு இடங்களில் வருகின்றன. தலைப்பில் ஒரு முறை. பழம்பொருட் சட்டத்தைச் சுட்டும் இடத்தில் ஒரு முறை. 'மறைந்துபோன மக்களின் மானுமெண்ட்' என்று ஒரு முறை. மூடிக்கல்லின் பருமனை வியந்து 'மானுமெண்டல்' என்று ஒரு முறை. நான்கிலும் 'நினைவுச்சின்னம்' என்று போட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் ஏதோ ஓட்டையாகத் தெரிகின்றன. நான்காவது சிரிப்பாக வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தார் சாலைத் திருப்பத்தில் அம்புக்குறி போட்டு 'நினைவு மண்டபம்' என்று எழுதிய தகரப் பலகை ஒன்றை நட்டார்கள். அதை நம்பி வேனில் வந்த ஒரு குடும்பம், எந்தத் தலைவருடைய மண்டபம், செருப்பை எங்கே விடுவது என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டது. கல்லைக் காட்டினேன். அந்தப் பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மண்டபத்தை இடித்துவிட்டார்களா?" என்றார்.

ஆகவே என் கேள்விகள். 'மானுமெண்ட்' என்ற சொல்லின் மூலப்பொருள் என்ன? அதற்கு 'நினைவுச்சின்னம்' சரியான ஈடுதானா? யாருக்காக நட்டது, யார் நட்டது என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு கல்லை நினைவுச்சின்னம் என்று எழுதுவது பொருந்துமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

மறுமொழி
எழுதியவர்: வத்தலக்குண்டு வாத்தியார்

தம்பி, நல்ல கேள்வி. சொல்லை முதலில் பிரித்துவிடுவோம். பலகைக்குப் பிறகு வரலாம்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இலத்தீனில் உள்ள 'மோனுமெந்தும்'. அதில் வினைப்பகுதி 'மோனேரே'. இதற்கு நினைவூட்டு, அறிவுறுத்து, எச்சரி என்று பொருள். 'மெந்தும்' என்பது கருவியையோ விளைவையோ குறிக்கும் விகுதி. ஆக, நினைவூட்டுவதற்கான பொருள் என்பதே நேர்ப்பொருள். வகுப்பில் பேசும் பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் மானிட்டரும் இதே வினையில் பிறந்தவர்தாம். அவருடைய வேலையும் எச்சரிப்பதுதானே. உரோமாபுரியில் யூனோ மோனேத்தா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயச்சாலை இருந்தது. பழைய உரோமரே அத்தெய்வத்தின் பெயரை எச்சரிப்பவள் என்று விளக்கினார்கள். அந்தப் பெயரிலிருந்துதான் பணத்துக்கான ஆங்கிலச் சொல் வந்தது.

'மோனேரே' என்பது தன்வினை அன்று, பிறவினை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நினைப்பது அன்று, நினைக்கச் செய்வது. அதன் அடியில் இருக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் 'நினை, எண்ணு' என்ற பொருளுடையது. வடமொழியில் மனஸ், மதி, மந்த்ரம் ஆகியவை அதே வேரில் கிளைத்தவை. அவற்றை நாம் மனம், மதி, மந்திரம் என்று வாங்கிக்கொண்டோம். எனவே மானுமெண்டும் நம் நாவில் புழங்கும் மனமும் தூரத்துப் பங்காளிகள்.

உரோமர்கள் ஊருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்று பன்னிரு பலகைச் சட்டம் தடுத்திருந்தது. அதனால் கல்லறைகள் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வரிசையாக நின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்ற அறிஞர் இலத்தீன் மொழியைப் பற்றி எழுதும்போது, கல்லறைகளை மோனுமெந்தும் என்பதற்கு இந்த இடத்தையே காரணமாகக் காட்டுகிறார். வழியில் போகிறவனை நிறுத்தி, நானும் உயிரோடு இருந்தவன்தான், நீயும் சாகப்போகிறவன்தான் என்று அது நினைவூட்டுகிறதாம். ஆங்கிலத்திலும் 13ஆம் நூற்றாண்டில் இச்சொல் நுழைந்தபோது கல்லறை என்ற பொருளில்தான் நுழைந்தது. தூணும் சிலையும் நினைவு வளைவும் பிற்காலத்துப் பொருள்கள். இலண்டனில் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயை நினைவூட்ட எழுப்பி 1677இல் முடித்த 202 அடித் தூணை இன்றும் வேறு அடைமொழி இல்லாமல் 'தி மானுமெண்ட்' என்றே அழைக்கிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'நினைவுச்சின்னம்' என்பதில் நினைவு நம்முடையது. கன்னடத்து 'நெனெ', மலையாளத்து 'நினய்க்குக' ஆகியவற்றோடு சேர்ந்த திராவிடச் சொல். சின்னம் என்பது அடையாளம் என்னும் பொருளுள்ள 'சிஹ்ன' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். தேர்தல் சின்னத்திலும் பெருமாள் கோயிலில் ஊதும் திருச்சின்னத்திலும் வருவது அதே அடையாளந்தான். சின்னாபின்னத்தில் உள்ள சின்னம் வேறு, அது வெட்டுண்டது. (பலகை எழுதுபவர் 'நினைவு சின்னம்' என்று ச் இல்லாமல் எழுதப் பார்ப்பார், விடாதீர்கள்.) இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தாத்தாக்கள் 'ஞாபகார்த்தம்', 'ஞாபகச் சின்னம்' என்று எழுதினார்கள். ஞாபகம் என்பது வடமொழியில் அறியச் செய்வது, அதுவும் பிறவினை. ஆகவே இலத்தீன் சொல்லின் பிறவினைத் தன்மையை ஞாபகம் தற்செயலாகக் காப்பாற்றிவிட்டது, நினைவு காப்பாற்றவில்லை. 'நினைவூட்டி' என்று சொன்னால் நேராகப் பொருந்தும். ஆனால் அச்சொல்லைக் கைப்பேசிக்காரர்கள் மாத்திரை சாப்பிடும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நினைவுச்சின்னம் என்ற கூட்டுச்சொல் புதிது. அதற்கு முன் தமிழன் இதற்கு என்ன சொன்னான் என்றால், 'கல்' என்றான், அவ்வளவுதான். வைகைக் கரையில், உங்கள் மலைக்குத் தென்கிழக்கே ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்கு நட்டது. அக்கல் தன்னைக் 'கல்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. போரில் இறந்தவரை வள்ளுவர் 'கல்நின்றவர்' என்கிறார். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளின் பெயர்களே அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. பெயர்ச்சொல்லுக்கு நம்மவர் மெனக்கெடவில்லை, வினைக்குத்தான் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

மறுமொழி
எழுதியவர்: மன்னுபுகழ்

வாத்தியார் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் இவ்வளவு தூரம் உரோமாபுரிக்குப் போக வேண்டுமா என்பதே என் ஐயம். தமிழில் 'மன்னுதல்' என்றால் நிலைபெறுதல். புறநானூற்றின் 165ஆம் பாட்டு, நிலையாத உலகத்தில் மன்ன நினைத்தவர்கள் தம் புகழை நிறுத்திவிட்டு மாய்ந்தார்கள் என்கிறது. நிலைத்து நிற்பதற்காக எழுப்புவதுதானே மானுமெண்ட்? 'மன்னு' என்பதே கடல் கடந்து 'மோனு' ஆகியிருக்கக் கூடாதா? கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் இடத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுமொழி
எழுதியவர்: வத்தலக்குண்டு வாத்தியார்

ஐயா, நீங்கள் காட்டிய புறப்பாட்டு இந்த இடத்துக்கு மிகவும் பொருத்தமானது. அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். சொற்பிறப்பு மட்டும் நிற்காது. இலத்தீனில் பழைய எழுத்துமுறையில் இச்சொல் 'மோனிமெந்தும்' என்றும் வருகிறது. 'டோக்கேரே' என்றால் கற்பி. அதிலிருந்து 'டோக்குமெந்தும்', அதாவது நம் பத்திரப்பதிவு அலுவலகத்து டாக்குமெண்ட். அதே அச்சில் மோனேரேயிலிருந்து மோனுமெந்தும். வீட்டுக்குள்ளேயே தாயும் தமக்கையும் தெரியும்போது, ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு வீட்டில் பெற்றோரைத் தேடுவானேன்? பொருளும் முழுக்க ஒக்கவில்லை. மன்னு என்றால் பொருள் தானாக நிலைத்து நிற்கிறது. மோனேரே என்றால் எதிரே நிற்பவனைத் தட்டி நினைக்க வைக்கிறது. முன்னது கல்லைப் பற்றிய சொல். பின்னது கல்லைப் பார்ப்பவனைப் பற்றியது. ஒப்புக்கொண்ட நண்பர்கள் உங்கள் மேல் உள்ள மரியாதையால் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

மறுமொழி
எழுதியவர்: கோத்தகிரி மூடுபனி

தாண்டிக்குடி அண்ணனுக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஜெர்மன் மொழி சிறிது படித்திருப்பதால் ஒன்றைச் சேர்க்கலாம் என்று தோன்றியது.

ஜெர்மனில் மானுமெண்டுக்கு வழக்கமான சொல் 'தெங்க்மால்'. 'தெங்க்' என்றால் நினை, 'மால்' என்றால் குறி அல்லது சின்னம். நம் நினைவுச்சின்னத்தை எலும்பு எலும்பாகப் பிரித்துவைத்தது போல இருக்கும். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. கல்லறையை நினைவுச்சின்னமாகப் பார்த்தால் 'கிராப்மால்', எச்சரிப்பதற்காகவே எழுப்பியது என்றால் 'மான்மால்' என்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். கிராப்மாலுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. தொல்லியலார் 'பெருங்கற்கால ஈமச்சின்னம்' என்று எழுதுவார்கள். நினைவு என்பதை எடுத்துவிட்டு ஈமம் என்பதை வைத்தவர் யாரோ, நன்றாக யோசித்திருக்கிறார். யாருக்கும் நினைவில்லை என்ற உங்கள் சங்கடம் அதில் எழாது. இறந்தவருக்கானது என்று மட்டும் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடும். வாத்தியார் ஐயா சொன்ன உரோமாபுரிக் கல்லறைப் பொருளுக்கும் அதுவே நெருக்கம்.

வியன்னாவைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் 1903இல் இந்தத் தெங்க்மால்களை இரண்டாகப் பிரித்தார். நினைவுக்காகவே வேண்டுமென்று எழுப்பியவை ஒரு வகை; வேறு எதற்கோ செய்யப்பட்டு, காலம் கடந்ததால் பின்வந்தவர்கள் சின்னமாக ஏற்றுக்கொண்டவை இன்னொரு வகை. எங்கள் மலை ரயிலை இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றுவதற்காகத் தண்டவாளம் போட்டவர்கள், 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாகும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் குள்ளர் வீட்டுக்கு நிலைமை இன்னும் சிக்கல். நட்டவர்களுக்கு அது முதல் வகை, நமக்கு இரண்டாம் வகை.

நீலகிரியில் இந்தச் சொல் ஒரு புத்தகத் தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. மாவட்டத்தின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ், தொதவர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரைப் பற்றியும் மலையில் உள்ள 'மானுமெண்டுகள்' பற்றியும் எழுதிய நூல், அவர் 1872இல் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. மானுமெண்ட் என்று அவர் சொன்னவை கல்வட்டங்களும் கற்குவைகளும் உங்கள் குள்ளர் வீட்டைப் போன்ற கல்திட்டைகளுந்தாம். பலவற்றைத் தோண்டியும் பார்த்தார். மூடியில் எருமையும் மனிதரும் உருவங்களாக நிற்கும் மண்கலங்கள் இந்த மலைக் குழிகளிலிருந்து கிடைத்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அவர் பெயரால் ஊட்டியில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. அது மானுமெண்ட் அன்று, 'மெமோரியல்'. ஆங்கிலம் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர் தோண்டியது முன்னது, அவருக்காக வைத்தது பின்னது. மெமோரியலில் யாருக்காக என்பது தெரிந்தாக வேண்டும். மானுமெண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறும்பர் வீட்டில் சாவு நேர்ந்தால், ஆற்றில் தேய்ந்து வழுவழுப்பான ஒரு நீளக் கல்லை எடுத்து வந்து, யாரோ எக்காலத்திலோ கட்டிய பழைய கல்திட்டைக்குள் வைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்கள். சில திட்டைகளில் மூடிக்கல்லைத் தொடும் அளவுக்குக் கற்கள் குவிந்திருந்தனவாம். பழைய நினைவு போய்விட்ட இடத்தில் புதிய நினைவைக் குடிவைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, நினைவில்லாத கல் என்று ஒன்றைச் சட்டென்று சொல்லிவிட எனக்குத் தயக்கம்.

மான்மாலுக்குத்தான் தமிழில் சொல் இல்லை, வழக்கமும் குறைவு. ஜப்பானில் அனெயோஷி என்ற கடலோரச் சிற்றூரில், 1933இல் ஆழிப்பேரலை அடித்த பிறகு, இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று ஒரு கல்லில் வெட்டி மேட்டில் நட்டார்கள். ஊரார் கேட்டு நடந்தார்கள்; 2011இல் வந்த அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. 2009 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது எங்கள் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் ஒரு தேயிலைப் பாத்தி அப்படியே நழுவி ஓடைக்குள் இறங்கியது. இன்று அங்கே மறுபடியும் தேயிலை நிற்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு வீடும் எழும்பியிருக்கிறது. எந்தக் கல்லும் இல்லை.

மறுமொழி
எழுதியவர்: சங்கிலியும் கல்லும்

பண்ணைக்காட்டில் இருக்கிறேன், நில அளவையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மொழி எனக்குத் தூரம். ஆனால் கல் கிட்டத்தில்.

அமெரிக்க நில அளவையாளர்கள் எல்லையைக் காட்ட நிலையாக ஊன்றிய கல்லையோ கம்பியையோ 'மானுமெண்ட்' என்றே குறிப்பிடுகிறார்கள். முதலில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. சர்வே கல்லுக்குப் போய் இவ்வளவு பெரிய பெயரா என்று நினைத்தேன். வாத்தியார் ஐயா எச்சரிப்பது என்று சொன்ன பிறகு விளங்குகிறது. மூன்று கிராம எல்லை சேரும் இடத்தில் நாங்கள் ஊன்றும் டிரைஜங்ஷன் கல்லும் இதற்கு மேல் உன் நிலம் இல்லை என்று எச்சரிக்கத்தான் நிற்கிறது. அதை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போடுகிறவர்களுக்கும் அதன் பேச்சு நன்றாகவே கேட்கிறது என்று அர்த்தம். இந்த மலையில் பழைய பத்திரங்களில் 'குத்துக்கல்லுக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு' என்று எல்லை சொல்லியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு குத்துக்கல் சர்க்கார் ஊன்றியதே அன்று, தாண்டிக்குடிக்காரர் சொல்லும் கற்களின் காலத்தது. ஈமச்சின்னம் எல்லைக்கல்லாக வேலை பார்த்திருக்கிறது.

அவர் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனாலும் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கும் பயம் ஒன்று உண்டு. நினைவுச்சின்னம் என்று பலகையில் எழுதினால் நாளைக்கே நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பக்கம் ஒருவர் கல்திட்டை ஒன்றைக் கடப்பாரை வைத்து நெம்பித் தள்ளி, பலகைக் கற்களை மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் பாவிவிட்டார். வீண் பயம். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாமல் நிற்கிற, வரலாறோ தொல்லியலோ கலையோ சார்ந்த சிறப்புடைய கட்டுமானம், மேடு, புதைவிடம், குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் ஆகியவற்றைப் பண்டைய மானுமெண்ட் என்கிறது. (அந்த வரையறைக்குள்ளேயே மானுமெண்ட் என்ற சொல்லும் ஒரு பொருளாக வருகிறது, எழுதியவர்களுக்கும் சலித்துவிட்டது போலும்.) ஆனால் வரையறைக்குள் வந்தால் மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. அரசு இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து, இடத்திலும் ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகுதான் தேசிய முக்கியத்துவம் உடையது என்று அறிவிக்க முடியும். அப்படி அறிவித்தவற்றுக்குத்தான் நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பதெல்லாம். பலகையில் எந்தத் தமிழ்ச்சொல் எழுதுகிறோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக ஒன்று. பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்து நடைபாதைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நிறுத்தி, நெஞ்சு உயரத்தில் ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கவும் ஏற்றவும் அந்த உயரந்தான் வசதி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்காக, அவள் இறக்காமல் போன சுமைக்கு ஈடாக, வீட்டார் வைப்பது அது. ஒரு சுமைதாங்கியின் விளிம்பைத் தடவிப் பார்த்தபோது வாழைத்தார்களும் விறகுக் கட்டுகளும் உரசி உரசி நடுவில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எதற்காக வைத்த கல் என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்கிறான். நினைவா, சின்னமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: தாண்டிக்குடிக் காப்பி

எல்லாருக்கும் மிக்க நன்றி. சர்வேயர் ஐயா சொன்ன அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் சித்தப்பாவிடம் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். இரண்டு மாத அறிவிப்பு என்பதை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

நான்கு இடங்களுக்கும் ஒரே சொல் தேட வேண்டியதில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. தலைப்பில் 'பெருங்கற்கால ஈமச்சின்னம்' என்று போடுகிறேன். சட்டத்தைச் சுட்டும் இடத்தில் அரசு வழக்கு எதுவோ அதையே, அதாவது 'பண்டைய நினைவுச்சின்னம்' என்பதையே, மாற்றாமல் வைக்கிறேன். அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை. 'மறைந்துபோன மக்களின் மானுமெண்ட்' என்ற வரிக்கு, வாத்தியார் ஐயா காட்டிய வழியில், 'பெயர் தெரியாத முன்னோர் நட்ட கல்' என்று எழுதியிருக்கிறேன். நினைவு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் வாசித்த என் மனைவி, இதுதான் மற்ற எல்லா வரியையும்விட நினைவுச்சின்னம் மாதிரி இருக்கிறது என்றார். நான்காவதில் சிக்கலே இல்லை. 'பெரும் பலகைக்கல்' போதும். கீழே சிறிய எழுத்தில் 'ஊரார் வழக்கில் குள்ளர் வீடு' என்பதும் உண்டு, அப்பத்தாவுக்காக. கோத்தகிரி அம்மா சொன்ன எச்சரிக்கைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்: 'கல்லின் மேல் ஏற வேண்டாம், கற்களை நகர்த்த வேண்டாம்.' அதை எழுதிய பிறகு மிளகுச் சாக்கை எங்கே விரிப்பது என்ற கேள்வி எழுந்து, இந்த மாசியிலிருந்து வீட்டு முற்றத்துக் களத்தில்தான் என்று தீர்மானமாகியிருக்கிறது.

பெயிண்டர் நாளைக் காலையில் வருகிறார். ஒரே ஒரு ஐயம் பாக்கி. நூல்களில் கற்திட்டை, கல்திட்டை என்று இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். எது சரி?

மறுமொழி
எழுதியவர்: வத்தலக்குண்டு வாத்தியார்

இலக்கணப்படி இரண்டும் இல்லை. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண் ஆவது போல, கல்லும் திட்டையும் சேர்ந்தால் கற்றிட்டை. லகரம் றகரமாகும்போது தகரமும் கூடவே றகரமாக வேண்டும். பாதி மாறி 'கற்திட்டை' என்று நிற்பதற்கு விதி இல்லை. ஆனால் 'கற்றிட்டை' என்று எழுதிவைத்தால், வேனில் வருகிறவர்கள் எதையோ கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். புணர்த்தாமல் 'கல்திட்டை' என்றே எழுதச் சொல்லுங்கள். பிரித்து எழுதுவதில் குற்றமில்லை. பெயிண்டர் பக்கத்திலேயே நில்லுங்கள் தம்பி. ஈமச்சின்னத்தில் ச் விட்டுவிடப் போகிறார்.